ஒரு கையால் செய்த சத்தியம்

போன வாரம் எல்லம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாளே, அதற்கு ஆறு வாசகிகள் சபாஷ் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒரு அம்மாள், "குடிகாரப் புருஷனுக்கு இப்படித்தான் வேண்டும்" என்று எழுதி, அதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சபாஷை இந்த வாரம் நீங்களே திருப்பிக் கேட்பீர்கள். கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக நாலு வரி. பொன்னேரிப் பக்கத்து ஆரணி, அதை ஒட்டிய ஒரு கிராமம். துளசிராமனுக்கு முப்பத்தைந்து வயது. அண்ணன் பூவராகவனோடு சேர்ந்து நெல் பயிர் செய்கிறவன். ஆறு மாதமாகப் புதுவாயல் தாண்டிப் புதிதாக வந்த கம்பி கம்பெனியில் ஷிப்டு வேலைக்கும் போகிறான். வெற்றிலை பாக்கைத் தவிர வேறெதையும் வாயில் போடாதவன் என்று பேர் எடுத்தவன். அவன்தான் பத்து நாளாகத் தள்ளாடுகிறான். நாக்குக் குழறுகிறது. சொன்னதையே சொல்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு முன்னாலேயே தூங்கிவிடுகிறான்.

சர்க்கார் சாராயக் கடை திறந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் ஊரார் எல்லாரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். எவன் தள்ளாடினாலும் நாடி பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை, காரணம் ஒன்றே ஒன்றுதான். அதையேதான் எல்லம்மாவும் நம்பினாள். அவளுடைய அப்பா கள்ளச்சாராயத்தில் கண் போய், பிறகு உயிரும் போனவர். அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். குற்றம் உண்டு.

புதன்கிழமை கற்பூரம் ஏற்றி, ஏழு வயது மகள் சின்னப்பொண்ணுவை எதிரே நிற்கவைத்தாள்.

"புள்ள தல மேல ரெண்டு கையும் வச்சி சத்தியம் பண்ணுயா. இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லு."

துளசிராமன் வலது கையை மட்டும் வைத்தான்.

"ரெண்டு கையும்!"

"வச்சிட்டேனே, எல்லம்மா" என்றான் அவன், அப்பாவி போல.

கண்ணெதிரே ஒரு கைதான் இருக்கிறது, இரண்டும் வைத்தாயிற்று என்கிறான். இதைவிடப் பச்சைப் பொய் உண்டா? பொய்ச் சத்தியம் என்று காறித் துப்பினாள். வெள்ளிக்கிழமை கம்பெனி சூப்பர்வைசர், "குடித்துவிட்டு மெஷின் கிட்ட நிற்கிறான்" என்று பாதி ஷிப்டில் திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலம்தான் கதவைச் சாத்தினாள். அவன் இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, மாட்டுக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

இனி சனிக்கிழமை.

*

சாணக் கூடையோடு கொட்டகைக்குள் நுழைந்தபோதே எல்லம்மா திட்டுவதற்குத் தயாராக இருந்தாள்.

"யோவ், ஏந்திரி. மாடே ஏந்திரிச்சி நிக்கிது, ஒனுக்கு இன்னும் விடியல."

அவன் அசையவில்லை. காலால் வைக்கோலைத் தள்ளினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். ரொம்ப நேரம் கழித்துக் கண் திறந்தான்.

"தல நோவுது எல்லம்மா."

"ஊத்திக்கினா நோவாம இன்னா பண்ணும்?"

அப்போதுதான் வேட்டி நனைந்திருப்பதைப் பார்த்தாள். அவளுக்கு அவமானத்தில் அழுகை வந்தது. சின்னப்பொண்ணு வந்து பார்த்துவிடுவதற்குள் இந்த மனுஷனை எழுப்பி வேறு வேட்டி கட்டிவிட வேண்டும். குனிந்து அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். முகத்துக்கு முகம் வந்தது.

வாசனை இல்லை.

மறுபடியும் மோந்து பார்த்தாள். நேற்றுக் குடித்த மோர், வெங்காயம், அவ்வளவுதான். சாராய வாசனையைத் தெரு முனையிலேயே கண்டுபிடிக்கிறவள் அவள். சின்ன வயசில் அப்பா வருகிற வழியில் அந்த வாசனை வந்ததுமே தம்பியை இழுத்துக்கொண்டு ஓடி ஒளிந்தவள். அப்படிப்பட்டவள் பத்து நாளாகத் தூர நின்று திட்டினாளே தவிர, ஒரு நாளாவது கிட்டப் போய் மோந்து பார்த்தாளா? இல்லை. வீம்பு!

செம்பில் தண்ணீர் கொடுத்தாள். இடது கையில் வாங்கினான். செம்பு நழுவி வைக்கோலில் கொட்டியது.

"செருப்பு எங்கயா? ஒண்ணுதான கீது."

"கால்லதான் போட்டுக்கினு கீறேன்."

இடது காலில் செருப்பே இல்லை. பாதம் முழுக்கச் சிராய்த்து, கட்டை விரலில் ரத்தம் காய்ந்திருந்தது. புதுவாயலிலிருந்து மூன்று மைல், ஒரு செருப்போடு நடந்து வந்திருக்கிறான். அது அவனுக்குத் தெரியவே இல்லை.

எல்லம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த வாரம் மூன்று தம்ளர் விழுந்தது. மூன்றும் இடது கையிலிருந்து. நிலைப்படியில் இடித்துக்கொண்டது இடது தோள். வெற்றிலைச் சாறு ஒழுகுவதுகூட இடது கடைவாயில்தான்.

"சாராயம் இன்னா ஒரு பக்கமாவா ஏறும்?" என்று வாய்விட்டுக் கேட்டாள். மாட்டைத் தவிர அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை.

வாசலில் பூவராகவனின் குரல் கேட்டது. துளசிராமனைவிட எட்டு வயது பெரியவன். ஊரில் அவன் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு. அதை அவன் நன்றாக உபயோகப்படுத்துகிறவனும்கூட.

"இன்னா, தொர எழுந்தாச்சா? நாளைக்கு சாயங்காலம் கோயில்ல பஞ்சாயத்து சொல்லிக்கீறேன். எல்லார் முன்னால சூடம் அடிச்சி சத்தியம் பண்ணட்டும். குடும்ப மானம் போவுது."

"மாமா, இங்க வந்து பாரு. வாசனையே இல்ல."

"பட்டணத்து சரக்கு வாசன வராது. ஒனுக்கு இன்னா தெரியும்?"

"கையும் காலும் ஒரு பக்கமா இழுக்குது மாமா. எனுக்கு பயமா கீது. அன்னிக்கி சாமி தூக்கறப்ப..."

"எல்லம்மா!"

மாடு மிரண்டது. பூவராகவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்தப் பேச்ச மட்டும் எடுக்காத. சொல்லிட்டேன்."

அந்தப் பேச்சு என்னவென்று நான் சொல்கிறேன்.

ஆடி மாதம் செல்லியம்மன் புறப்பாடு. அம்மனைத் தூக்குகிற நீளக் கட்டைக்கு வாரை என்று பேர். வலது பக்கத்து வாரை மூன்று தலைமுறையாக இவர்கள் குடும்பத்துக்குச் சொந்தம். முன்னால் துளசிராமன், அவனுக்கு நேர் பின்னால் பூவராகவன். இரண்டு பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் காப்புக் கயிறு. தெருமுனையில் திரும்பும்போது பின்பக்கம் தடுமாறி, வாரை தோளைவிட்டு எகிறி, துளசிராமனுக்கு வலது காதுக்கு மேலே மடாரென்று போட்டது. ஒரு நிமிஷம் கண் இருண்டு உட்கார்ந்தான். கோயிலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் தோள் கொடுத்தான்.

அந்த ஊரில் அதற்கு அடி என்று சொல்லக்கூடாது. காப்புக் கட்டினவனுக்குச் சாமி தூக்கும்போது பட்டால், "அம்மன் தொட்டாள்" என்றுதான் சொல்ல வேண்டும். அடி என்று சொல்லி மருந்து போட்டால், காப்பில் குற்றம், விரதம் கெட்டது என்று அர்த்தம். குற்றம் வந்த குடும்பத்துக்கு வாரை கிடையாது. அதற்காகக் காத்திருக்கிற குடும்பங்கள் இரண்டு உண்டு. ஆகவே மஞ்சள் பற்றுக்கூடப் போடவில்லை. இரண்டு வாரம் ஊரே அவனை அம்மன் தொட்டவன் என்று கும்பிட்டது. மூன்றாவது வாரம் அதே ஊர் குடிகாரன் என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லம்மா எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"நான் ஆரணி ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறேன். வண்டி கட்டுறியா, இல்ல நானே கட்டட்டுமா?"

பூவராகவன் தம்பியைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கட்டறேன். டாக்டரே சொல்லட்டும் குடின்னு. அப்பவாவது ஒனுக்கு புத்தி வரும்."

*

ஆரணி சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆதிகேசவன் சின்ன வயசுக்காரர். வேகமாகப் பேசுவார், மெதுவாகப் பார்ப்பார். பக்கத்தில் நர்ஸ் கிரேஸ். பழவேற்காட்டுக்காரி, சுற்று வட்டாரத்துப் பாதிக் குழந்தைகளுக்குத் தொப்புள் கொடி அறுத்தவள்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"இப்பதாங்க, புதுசா" என்றான் பூவராகவன்.

"இல்லீங்க" என்றாள் எல்லம்மா. "காலையில நான் மோந்து பாத்தேங்க. வாசன இல்லீங்க."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். துளசிராமனை உட்காரவைத்து, "கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க" என்றார். நீட்டவே ரொம்ப நேரம் ஆனது. கிரேஸ் இடது கையைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தன் கையை எடுத்தாள். வலது கை அப்படியே நின்றது. இடது கை மெதுவாகத் தணிந்து, தணிந்து, மடியில் போய் விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையும் நீட்டியிருப்பதாகவே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிரேஸ் டார்ச்சை எடுத்து இரண்டு கண்ணிலும் அடித்துப் பார்த்தாள்.

"டாக்டர், வலது கண்ணு பாப்பா பெரிசா கீது."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இப்போது வேகமாகப் பேசவில்லை.

"ஒரு மாசத்துக்குள்ள இவருக்குத் தலையில அடி பட்டுச்சா? சின்ன அடியா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்லீங்க" என்றான் பூவராகவன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அடி பட்டிருந்தா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது, நேரா மெட்ராஸ் போகணும். அடி இல்லேன்னா மூளைக் காய்ச்சல் மாதிரி வேற ஏதாவது இருக்கலாம். பொன்னேரியில ரெண்டு நாள் படுக்கப் போட்டு மருந்து கொடுத்துப் பாக்கலாம்."

"அதான் சொல்றனே, அடியெல்லாம் ஒண்ணியும் இல்லீங்க. பொன்னேரிக்கே எழுதிக் குடுங்க."

டாக்டர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எல்லம்மா அந்தப் பேனாவையே பார்த்தாள். மூன்று தலைமுறை வாரை. புருஷனின் அண்ணன், மச்சாண்டார் இருக்கிற இடத்தில் உரக்கப் பேசிப் பழக்கமில்லாத வாய். நாளைக்குத் தெருவில் தண்ணீர் எடுக்கப் போனால் என்ன சொல்வார்கள், அம்மனுக்குக் கோபம் வந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று எல்லாம் அந்த ஒரு கணத்தில் வந்து மோதியது.

"அம்மன் தொட்டாங்க" என்றாள் மெதுவாக.

"என்னது?"

"எல்லம்மா, வாய மூடு" என்றான் பூவராகவன்.

கிரேஸ் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "நீ சொல்லும்மா. எங்க தொட்டாங்க? அந்த எடத்த காட்டு."

எல்லம்மா புருஷனின் வலது காதுக்கு மேலே கை வைத்தாள். மயிருக்குள் ஒரு தடிப்பு தட்டுப்பட்டது. அது பட்டதுமே அவளுக்குள் ஏதோ உடைந்தது.

"அடிங்க! வாரைக் கட்டை அடிச்சிச்சி. இருவத்திமூணு நாளாவுது. வாந்தி எடுத்தாரு. தல நோவுது தல நோவுதுன்னு தெனம் சொன்னாரு. அடிதாங்க அது. அடி!"

வெளியே வரிசையில் நின்ற ஆரணிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூவராகவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"உன் வாயாலயே வாரைய தூக்கி அடுத்தவன் கையில குடுத்துட்டியே" என்றான்.

"கொண்டு போவட்டும்! எனுக்கு இவருதான் வேணும்."

டாக்டர் பொன்னேரிக்கு எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். வேறு சீட்டில் வேகமாக எழுதிக்கொண்டே சொன்னார்.

"மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல சின்ன ரத்தக் குழாய் ஒண்ணு பிஞ்சிருக்கும். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு கட்டியிருக்கு. மூணு வாரமா. மண்டை ஓடு விரிஞ்சு கொடுக்குமா? கொடுக்காது. அதனால மூளையப் போட்டு அழுத்துது. வலப்பக்கம் அழுத்தினா இடது கையும் காலும் போகும். நீங்க இவர் தூங்குறதா நினைச்சீங்க இல்ல? அது தூக்கம் இல்லம்மா."

"பொழைப்பாருங்களா?"

"ஓட்டை போட்டு ரத்தத்தை எடுத்துட்டா எழுந்து நடந்தவங்க உண்டு. நேரத்துக்குப் போகணும். ஜீப்பு அம்மைத் தடுப்பூசிக்குப் போயிருக்கு. புதுவாயல் போயி பஸ்ஸப் பிடிங்க. கிரேஸ், நீங்களும் கூடப் போங்க. வழியில வாந்தி எடுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. தூங்குறாரேன்னு விட்டுடாம அடிக்கடி எழுப்பிப் பாத்துக்கிட்டே இருங்க."

*

புதுவாயல் கூட்டுரோட்டில் கல்கத்தா ரோடு வெயிலில் காய்ந்து கிடந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த மெட்ராஸ் பஸ்ஸைக் கிரேஸ் நடு ரோட்டில் நின்று கை காட்டி நிறுத்தினாள். பூவராகவன் தம்பியைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தான். வண்டியில் வந்த வழியெல்லாம் அவன் மாட்டை அடிக்கவே இல்லை, ஆனால் மாடு ஓடியது.

கண்டக்டர் படியிலேயே மறித்தான்.

"தண்ணி கேஸா? எறக்கு, எறக்கு. காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டான் பேமானி. வண்டியில வாந்தி எடுத்தா எவன் கழுவறது?"

"ஒடம்பு சரியில்லாதவரு. ஆஸ்பத்திரி சீட்டு கீது பாருங்க" என்றாள் கிரேஸ்.

"சிஸ்டர், ஒங்கள நல்லா ஏமாத்திக்கீறானுங்க. நான் தெனம் பத்து பேர பாக்கறேன். இது சுத்தமான சரக்கு. ரைட், போலாம்!"

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். எல்லம்மாவால் தலையைத் தூக்க முடியவில்லை. அந்தக் கண்டக்டர் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் அவள் சொன்னதுதான். இதே வார்த்தை, இதே குரல். நேற்றுத் தன் வீட்டு நிலைப்படியில் நின்று அவளும் இப்படித்தான் மறித்தாள்.

பஸ் நகர ஆரம்பித்தது. பூவராகவன் எட்டிக் கைப்பிடிக் கம்பியைப் பற்றினான். இன்னொரு கையில் தம்பி.

"நிறுத்துடா! என் தம்பி நாக்குல ஒரு சொட்டு பட்டது கெடையாதுடா. குடிச்சவன் நானு!"

டிரைவர் பிரேக் போட்டார்.

"நான்தான் குடிச்சேன். கையில காப்பு கட்டிக்கினு, அம்மன தூக்கப் போறதுக்கு முன்னால, ஒரு கிளாசுன்னு போட்டேன். பின்னால நின்னவன் நானு. என் காலுதான் தடுக்கிச்சி. கட்டை எகிறி இவன் மண்டையில பட்டுச்சி. அத்த மறைக்கத்தான் இவன குடிகாரன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். போதுமா? இப்ப ஏத்துவியா, மாட்டியா?"

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தான். முன் சீட்டிலிருந்த இரண்டு பேர் தாமாகவே எழுந்து இடம் விட்டார்கள்.

எல்லம்மா மச்சாண்டாரைப் பார்த்தாள். அந்த முகத்தை நகத்தால் கிழிக்க வேண்டும் போலிருந்தது. நாளைக்குப் பஞ்சாயத்தில் தம்பியைச் சூடம் அடிக்கச் சொன்ன வாய் இது. ஆனால் அந்த மனுஷனின் தோளில்தான் அவளுடைய புருஷன் தொங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தோளை இப்போது தட்டிவிட முடியாது.

"ஏறு மாமா" என்றாள். "பேச்செல்லாம் அப்பறம்."

*

சென்ட்ரலுக்கு எதிரே பெரிய ஆஸ்பத்திரி. கிரேஸ் சீட்டைக் காட்டிக் காட்டி வழி விடச் செய்து உள்ளே கொண்டுபோனாள். கழுத்து ரத்தக் குழாயில் ஏதோ மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பெரிய டாக்டர், வலது பக்கத்தில் மூளை தள்ளப்பட்டு ஒதுங்கியிருந்த இடத்தைக் கூட இருந்தவர்களுக்கு விரலால் காட்டினார். உடனே ஆபரேஷன் என்றார்கள். எல்லம்மா காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். நாலாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து, அன்றைக்குக் கோணிக்கொண்டு போனது.

தலையை மழித்தார்கள். வலது காதுக்கு மேலே இரண்டு விரல் நீளத்துக்குக் காய்ந்த தழும்பு தெரிந்தது. இரண்டு சனிக்கிழமைக்கு முன்னால் எண்ணெய் தேய்க்கும்போது, "அங்க வோணாம் எல்லம்மா" என்று தலையை இழுத்துக்கொண்டான். குளிக்கச் சோம்பேறித்தனம் என்று அவள் முதுகில் ஒன்று போட்டாள். அது இப்போது ஞாபகம் வந்து தொலைந்தது.

ஆபரேஷன் அறை வாசலில் ஸ்டிரெச்சரை நிறுத்தி, பெரிய டாக்டர் அவன் காதோரம் குனிந்து உரக்கக் கூப்பிட்டார்.

"துளசிராமன்! கண்ணைத் திற. ரெண்டு கையையும் தூக்கு."

வலது கை மெதுவாக எழுந்தது.

"ரெண்டு கையும்!"

வலது கை மட்டும் அந்தரத்தில் நின்றது. இடது கை ஸ்டிரெச்சரின் ஓரத்தில் அது பாட்டுக்குக் கிடந்தது.

"தூக்கிட்டேனே" என்றான் துளசிராமன், அப்பாவி போல.

எல்லம்மா அந்தக் கையையே பார்த்தாள். புதன்கிழமை. கற்பூரம். சின்னப்பொண்ணுவின் தலை. 'வச்சிட்டேனே, எல்லம்மா.' அவன் பொய் சொல்லவில்லை. இரண்டு கையும் வைத்ததாகத்தான் நினைத்தான். குடிக்காதவன், குடிக்க மாட்டேன் என்று, வராத கையையும் வைத்துவிட்டதாக நம்பி, பெற்ற பெண்ணின் தலைமேல் முழு மனசோடு சத்தியம் செய்திருக்கிறான். அதைத்தான் அவள் பொய்ச் சத்தியம் என்று காறித் துப்பினாள்.

"யோவ்!" என்று ஓடினாள். கிரேஸ் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது.

"நான்தான் சிஸ்டர் கதவ சாத்தினேன். ரெண்டு தரம் தட்டினாரு. நான் தொறக்கல. அந்த ராத்திரி கிட்டப் போயி பாத்திருந்தா..." என்று கிரேஸின் வெள்ளைப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். கிரேஸ் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

ஐந்தரை மணிக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்தார்.

"ரெண்டு துளை போட்டோம். பழைய மோட்டார் எண்ணெய் மாதிரி கறுப்பா ரத்தம் வந்துச்சு, நிறைய. மூளை மேல இருந்த அழுத்தம் எறங்கியிருக்கு. ஆனா இவ்வளவு நாள் விட்டுட்டீங்க. கண்ணு முழிக்கணும். ஆளத் தெரியுதான்னு பாக்கணும். அந்தக் கை அசையணும். இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்."

வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். தலை முழுக்க வெள்ளைக் கட்டு, பக்கத்தில் தொங்குகிற குழாய், மூடிய கண். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

"மாமா எங்க?" என்று எல்லம்மா கேட்டாள். வெளியே பெஞ்சியில் பூவராகவனின் துண்டு கிடந்தது. ஆளைக் காணோம்.

"ஆபரேஷன் முடிஞ்சிச்சின்னு கேட்டுக்கினு நின்னாரு. அப்பறம் ஊருக்கு எத்தினி மணிக்கி பஸ்ஸுன்னு கேட்டாரு" என்றாள் கிரேஸ். "நாளைக்கி கோயில்ல பஞ்சாயத்து கீதாமே. அதுக்குள்ள ஊட்டுக்குப் போய்ச் சேரணும்னு சொன்னாரு."

பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் எதிரே சொல்வது ஒன்று. சொந்த ஊரில், கோயில் வாசலில், வாரைக்குக் காத்திருக்கிறவர்கள் எதிரே சொல்வது வேறு. அங்கே போய் வாயைத் திறக்கப் போகிறானா, வேறு கதை கட்டப் போகிறானா? எல்லம்மாவுக்கு அதை யோசிக்கத் தெம்பு இல்லை.

கட்டிலின் இடது பக்கம் தரையில் உட்கார்ந்தாள். அந்த இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"நீ எனுக்கு சத்தியமே பண்ண வோணாம்யா. நான் பண்றேன். இனிமே ஒன்ன கிட்ட வந்து பாக்காம ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். இந்தக் கைய மட்டும் தூக்கு. என்ன அடிக்கிறதுக்காவது தூக்கு."

கை கனமாக, சில்லென்று அவள் தலையில் கிடந்தது. விளக்குப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அப்போது அவள் வகிட்டில் என்னவோ அசைந்த மாதிரி இருந்தது. அது அவன் விரலா, தன் தலைதான் நடுங்கியதா, அவளுக்குத் தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, தலையை ஆடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் அசையட்டும் என்று காத்திருந்தாள்.